ரோமமில்லாச் சுண்டெலி பிறந்த கதை

பெருங்குடல் புற்றுநோய் மருந்தைச் சோதிக்க, கட்டி நோயாளியின் உடலுக்கு வெளியே எங்காவது உயிரோடு வளர வேண்டும். கண்ணாடித் தட்டில் செல்களை வளர்க்கலாம்தான். ஆனால் தட்டில் ரத்தக்குழாய் இல்லை, மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் இல்லை. எலிக்குள் வைத்தாலோ, அதன் உடல் அந்நியத் திசுவைக் கண்டுகொண்டு அழித்துவிடும். இந்தச் சிக்கலைத் தீர்த்தது ஒரு நோஞ்சான் சுண்டெலி.

1962இல் கிளாஸ்கோவின் ரக்கில் மருத்துவமனை வைரஸ் ஆய்வுக்கூடத்தில் ரோமமில்லாத குட்டிகள் சில பிறந்திருந்தன. யாரும் திட்டமிட்டு உருவாக்கியவை அல்ல. தானாக நேர்ந்த மரபணு மாற்றம். 1966இல் ஃபிளானகன் என்ற ஆய்வாளர் அதன் மரபுவழியை எழுதினார்: தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்தால்தான் குட்டி இப்படிப் பிறக்கும். இவை சீக்கிரமே இறந்தும் போயின. 1968இல் பான்டெலூரிஸ் என்ற ஆய்வாளர் இன்னொன்றைக் கண்டார்: இந்த எலிகளுக்கு நெஞ்சுக்குள் இருக்க வேண்டிய தைமஸ் சுரப்பியே இல்லை. அந்நியத் திசுவை விரட்டும் டி செல்கள் முதிர்வது அங்கேதான். ரோமம் இல்லாதது வெளியே தெரிந்த அடையாளம் மட்டுமே. விஷயம் நெஞ்சுக்கூட்டுக்குள் இருந்தது.

மறு வருடமே, கோபன்ஹேகனில் ரூகோர், பொவ்ல்சன் என்ற ஆய்வாளர்கள் மனிதக் கட்டி ஒன்றை இந்த எலியின் தோலுக்கடியில் வைத்தார்கள். அது பெருங்குடல் புற்றுக்கட்டி. எலியின் உடல் அதை விரட்டவில்லை, கட்டி வளர்ந்தது. ஓர் எலியிலிருந்து அடுத்த எலிக்கு மாற்றி மாற்றி வளர்க்கவும் முடிந்தது.

பிறகு 1983இல் பிலடெல்பியாவில், எதிர்ப்பாற்றல் இன்னும் குன்றிய ‘ஸ்கிட்’ எலி கண்டறியப்பட்டது. ஆனால் சோதனைகள் பலவற்றில் எலிக்குள் வைக்கப்பட்டவை, ஆய்வுக்கூடத் தட்டுகளில் காலங்காலமாக வளர்ந்து அந்த வாழ்க்கைக்குப் பழகிப்போன செல்கள். அவற்றை அடக்கிய மருந்து நோயாளியிடம் தோற்றால் வியப்பென்ன? என்னைக் கேட்டால், இத்தகைய எலிகள் முழுப் பயனைத் தந்தது இத்தாலியின் டூரின் அருகே, கண்டியோலோவில்தான். பெர்டோட்டி, ட்ரூசோலினோ குழுவினர், பெருங்குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய கட்டிகளை அறுவை மேசையிலிருந்து நேரே எலிகளுக்கு மாற்றினார்கள். நோயாளிக்கு நோயாளி தனித்தனி எலிகள். செடுக்சிமாப் மருந்துக்கு மசியாத சில கட்டிகளில் ஹெர்2 மரபணு அளவுமீறிப் பெருகியிருப்பதை 2011இல் வெளியிட்டார்கள். மார்பகப் புற்றில் நெடுங்காலமாகத் தெரிந்த மரபணுதான் அது. அதற்கெதிரான மருந்துகளை இணைத்துக் கொடுத்தபோது எலியில் கட்டி சுருங்கியது.

அடுத்து மனிதர்கள். ஹெர்2 பெருகிய கட்டியுடைய, வேறு சிகிச்சைகள் கைவிட்ட 27 பேருக்கு ஹெர்2க்கு எதிரான ட்ராஸ்டுசுமாப், லபாட்டினிப் மருந்துகள் இரண்டும் சேர்த்துத் தரப்பட்டன. 8 பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. 2016இல் வந்த முடிவு இது. கட்டித் திசுவைத் தந்த நோயாளிகள் இல்லாமல் இது நடந்திருக்காது.

பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகளுக்கு மட்டும் இத்தகைய எலிகள் உதவா. அவை கட்டியைத் தாங்களே தாக்குவதில்லை. நோயாளியின் டி செல்களைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கின்றன. விடுவிக்க இந்த எலிகளிடம் டி செல்கள் இல்லையே. அதற்காக இப்போது மனித நோயெதிர்ப்புச் செல்கள் குடியேறிய எலிகளை வளர்க்கிறார்கள்.