‘சூப்பர்... நானும் ஒத்துக்கிறேன்’னு எழுதினா மார்க் கிடையாது! வெளிநாட்டு ஆன்லைன் படிப்பில் மாணவர் விவாதம் எப்படி நடக்குது?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்க விமானம் ஏறியே ஆகணும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. ஸ்ரீரங்கத்து வீட்டு மாடியில் உட்கார்ந்தபடியே லண்டன் பல்கலைக்கழகப் படிப்பை முடிக்கலாம். ஆனால் வீடியோ பார்த்து, நோட்ஸ் எடுத்து, பரீட்சை எழுதினால் போதும் என்று நினைத்துச் சேர்பவர்கள் முழிக்கும் இடம் ஒன்று உண்டு. சக மாணவர்களுடன் எழுத்திலேயே நடத்த வேண்டிய கலந்துரையாடல்தான் அது. அது எப்படி நடக்கும், அதில் எப்படி எழுதணும்? பார்க்கலாம்.

எப்படி நடக்கும்?

வாரத் தொடக்கத்தில் ஆசிரியர் ஒரு கேள்வி போடுவார். ஒவ்வொரு மாணவரும் தன் பதிலை எழுதணும். பிறகு மற்றவர்களின் பதிலைப் படித்துக் கருத்துச் சொல்லணும். எல்லோரும் ஒரே நேரத்தில் ஆன்லைனில் இருக்கத் தேவையில்லை. திருச்சியில் காலையில் எழுதியதற்கு, நைஜீரியாவிலிருந்து ராத்திரி பதில் வரலாம்.

2009-ல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் ‘யுனிவர்சிட்டி ஆஃப் தி பீப்பிள்’ இந்த முறைக்குப் பேர்போனது. அங்கே பல பாடங்களில் வாராந்தரக் கலந்துரையாடலுக்கு மதிப்பெண் உண்டு. மாணவர்களின் எழுத்தைச் சக மாணவர்களே மதிப்பிடும் வழக்கமும் அங்கே இருந்திருக்கிறது.

ஏன் இவ்வளவு முக்கியம்?

தொலைதூரக் கல்வியின் பெரிய பிரச்னை தனிமை. வகுப்பறை கிடையாது, பக்கத்து பெஞ்ச் நண்பர் கிடையாது. அதனால்தான் 1969-ல் உருவான பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1988-லேயே கணினி வழிக் கலந்துரையாடலைப் பெரிய அளவில் பயன்படுத்தியது.

2000-ம் ஆண்டில் கனடாவைச் சேர்ந்த கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். ஆன்லைனில் கற்றல் நடக்க மூன்று வேண்டும்: சக மனிதர்களோடு இருக்கும் உணர்வு, சேர்ந்து சிந்திப்பது, ஆசிரியரின் வழிகாட்டல். இந்த மூன்றும் சந்திக்கும் இடம்தான் கலந்துரையாடல்.

நம்ம ஊரில் என்ன நிலை?

2017-ல் தொடங்கிய மத்திய அரசின் ‘ஸ்வயம்’ படிப்புகளுக்கு நான்கு தூண்கள்: வீடியோ, பாடக்குறிப்பு, சுயமதிப்பீடு, கலந்துரையாடல். ஆனால் திருச்சி கல்லூரி மாணவர்களுக்கு நன்கு பழக்கமான என்பிடெல் சான்றிதழில் பொதுவாக அசைன்மெண்டுக்கு 25 சதவீதம், நேரடித் தேர்வுக்கு 75 சதவீதம். கலந்துரையாடலில் கேள்வி கேட்கலாம். கேட்காமலும் பாஸ் பண்ணலாம். இந்தப் பழக்கத்தோடு வெளிநாட்டுப் படிப்பில் சேர்ந்தால், அங்கே வாய் திறக்காமல் இருப்பதே மதிப்பெண் இழப்பு.

வாதமா, கலந்துரையாடலா?

விவாதம் நமக்குப் புதுசு இல்லை. யக்ஞமூர்த்தி என்ற அறிஞர் ஸ்ரீரங்கத்தில் ராமானுஜரோடு 18 நாள் வாதம் செய்து, கடைசியில் அவருக்கே சீடரானார் என்கிறது வைணவ குருபரம்பரை. இன்றைய பட்டிமன்றத்திலும் நடுவர் ஒரு தீர்ப்பு சொல்வார். இரண்டிலும் யார் பக்கம் ஜெயித்தது என்பது முக்கியம்.

ஆன்லைன் வகுப்பில் அப்படி இல்லை. எதிராளியை மடக்கினால் மார்க் வராது. அவர் சொன்னதில் எது வலுவானது, எது இடிக்கிறது, ஏன் என்று காட்டினால்தான் வரும். கலந்துரையாடல் முடிவில் உங்கள் கருத்தே மாறியிருந்தாலும் அது தோல்வி இல்லை.

எப்படி எழுதணும்?

• கருத்து, ஆதாரம், கேள்வி: இந்த மூன்றும் இருக்கட்டும். ‘நல்ல பதிவு’ என்பது பாராட்டு மட்டுமே, பங்களிப்பு ஆகாது.

• ஊர் உதாரணம் கொடுங்க. நீர் மேலாண்மை பற்றிய கேள்வி என்றால், 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் உடைந்ததை எழுதலாம். கென்யாவில் இருக்கும் வகுப்புத் தோழருக்கு அது புதுத் தகவல்.

• ஆளை விட்டுடுங்க, கருத்தை மறுங்க. ‘நீங்க சொல்றது தப்பு’ என்பதற்குப் பதில், ‘இந்தக் காரணம் எங்க ஊருக்குப் பொருந்தாது, ஏன்னா...’ என்று தொடங்கலாம். ஆசிரியர் கருத்தையும் இதே மாதிரி மறுக்கலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது.

• நேரத்தைக் கணக்கு போடுங்க. லண்டனில் புதன் இரவு 11.59 கெடு என்றால், குளிர்காலத்தில் திருச்சியில் வியாழன் அதிகாலை 5.29, கோடையில் 4.29.

• காப்பி பேஸ்ட் வேண்டாம். ஏஐ எழுதித் தந்ததை அப்படியே போடுவதும் பல இடங்களில் விதிமீறல்.

சேரும் முன் கவனிக்க!

சில ஆன்லைன் கல்வி நிறுவனங்கள், யுஜிசி அங்கீகாரம் இல்லாத வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கைகோத்து ஆன்லைன் பட்டம் தருவதாக விளம்பரம் செய்வதையும், அவை செல்லாது என்பதையும் யுஜிசி 2023 டிசம்பரில் எச்சரித்தது. அரசு வேலை, மேற்படிப்பு என்று திட்டம் இருந்தால், அந்தப் பட்டம் இந்தியாவில் செல்லுமா என்பதைப் பணம் கட்டும் முன்பே யுஜிசி இணையதளத்தில் பாருங்க.

அடுத்ததாகப் பாடத்திட்டத்தைத் திறந்து, கலந்துரையாடலுக்கு எத்தனை சதவீதம் என்று பாருங்க. 20 சதவீதம் என்று இருந்தால், முதல் வாரத்திலிருந்தே எழுத ஆரம்பிச்சிடுங்க. பரீட்சைக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து அதை ஈடுகட்ட முடியாது.