பட்டணத்துச் சோற்றுக்கடையின் கதை

தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குப் போகும் நாளில் நாம் முதலில் தேடுவது பசியாற ஓர் இடத்தைத்தான். பேருந்து நிலையத்தின் அருகே எது கண்ணில் படுகிறதோ அதற்குள் நுழைந்து விடுகிறோம். நல்ல கடை எது, அது ஏன் அந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால் அந்தப் பட்டணத்தின் கதையே வெளிவரும். பினாங்கின் ஜார்ஜ் டவுனை எடுத்துக்கொள்வோம்.

1786-இல் பிரான்சிஸ் லைட் அங்கே ஆங்கிலக் கொடியை ஏற்றினார். துறைமுகம் வளர்ந்தது, பல திக்கிலிருந்தும் மக்கள் வந்தார்கள். தமிழகக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களை அக்காலத்தில் 'சூலியா' என்று அழைத்தார்கள். சூலியா தெருவின் பெயர் அப்படி வந்ததுதான். அதன் அருகிலுள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801-இல் தோன்றியது.

துறைமுகம் என்றால் மூட்டை தூக்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் காலையில் வயிறு நிறையச் சோறு வேண்டும். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் காவுதடியின் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் கறியையும் தொங்கவிட்டு, தோளில் சுமந்துபோய் விற்றார்கள். மலாய் மொழியில் 'நாசி' என்றால் சோறு, 'கண்டார்' என்றால் தோளில் காவுதல். நாசி கண்டார் பிறந்த கதை இதுதான். விடியும் முன்பே பால்மரக் காட்டுக்குள் போய், வெயில் ஏறிய பிறகு பசியாறும் நம்மவர்களுக்கு அந்தச் சோற்றின் அருமையை விளக்க வேண்டியதில்லை. அதில் கறி ஏன் அவ்வளவு காரமாகவும் சோறு அவ்வளவு தாராளமாகவும் இருக்கின்றன என்பதும் புரியும். சாய்ந்து உட்கார்ந்து ருசி பார்ப்பவருக்காக அமைந்த உணவு அல்ல அது.

பிறகு காவுதடி இறங்கிக் கடையாயிற்று. 1907-இல் தொடங்கிய ஹமீதியா காம்பல் தெருவில் இன்றும் நடக்கிறது. இப்போது யாரும் எதையும் தோளில் காவுவதில்லை; பெயர் மட்டும் காவிக்கொண்டிருக்கிறது!

அடுத்து மூலைக் கோப்பிக் கடைக்கு வருவோம். சீனாவின் ஹைனான் தீவிலிருந்து வந்தவர்கள் மற்றச் சீனர்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்தவர்கள். ஹொக்கியன் மக்களும் கண்டோனியரும் முக்கியத் தொழில்களைப் பிடித்துக்கொண்ட பிறகு, இவர்களில் பலருக்குக் கிடைத்தது வெள்ளைக்காரர் வீட்டுச் சமையலறைதான். நமது தோட்டங்களின் துரை பங்களாக்களிலும் குசினியில் நின்றவர்களில் ஹைனானியர் பலர் உண்டு. பின்னாளில் அந்த வேலைகள் குறைந்தபோது, கற்ற தொழிலை அவர்கள் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். வாட்டிய ரொட்டியும், தேங்காய்ப்பாலும் முட்டையும் சீனியும் சேர்த்துக் கிண்டிய காயாவும், கடுங்கோப்பியும் நமக்குக் கிடைத்தது இவர்கள் கையால்தான். துரைக்குச் சமைத்த கோழி வறுவல் சோயா சேர்ந்து 'சிக்கன் சோப்' ஆயிற்று.

ஒருவர் உணவை இன்னொருவர் எடுத்துக்கொள்வதும் இந்தத் தெருக்களில் வழக்கம். மஞ்சள் மீ சீனருடையது. அதில் மிளகாய் விழுதும் உருளைக்கிழங்கும் போட்டுப் பிரட்டியவர் நம்முடைய 'மாமாக்'. 'மாமா' என்ற தமிழ்ச் சொல்லே அப்படித் திரிந்தது.

இந்தக் கடைகள் நிலைத்ததற்கு இன்னொரு காரணம், வாடகை. 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை ஏற்ற முடியாதபடி 1966-ஆம் ஆண்டுச் சட்டம் காத்தது. 1997-இல் அதை நீக்கச் சட்டம் வந்தது. 1999 முடிவோடு பாதுகாப்பு போயிற்று. வாடகை ஏறியதும் பல குடும்பங்களும் சிறு வியாபாரிகளும் பழைய நகரை விட்டு வெளியேறினார்கள். 2008-இல் ஜார்ஜ் டவுன் உலக மரபுரிமை நகரமாயிற்று. சுவர்களுக்கு மதிப்பு வந்தது நல்லதுதான். ஆனால் அந்தச் சுவர்களுக்குள் சமைத்தவர்களில் பலர் அதற்கு முன்பே போய்விட்டார்கள்.

2016 முதல் பினாங்கில், அங்காடிக் கடைகளில் உள்ளூர் உணவை வெளிநாட்டார் சமைக்கக் கூடாது என்ற விதி வந்தது. கைப்பக்குவம் கெடாமல் இருக்கத்தான் என்றார்கள். அந்த அக்கறை நமக்கும் உண்டு. ஆனாலும் காவுதடி தூக்கியவரும் கோப்பி ஆற்றியவரும் கப்பலில் வந்து இறங்கியவர்கள் என்பதை நினைக்கும்போது மனம் கொஞ்சம் இடறத்தான் செய்கிறது.

சரி, நாம் போனால் கடையை எப்படிக் கண்டுபிடிப்பது? விளக்கையும் பெயர்ப் பலகையையும் விட்டுவிட்டு, உள்ளே உட்கார்ந்திருப்பவர் யார் என்று பாருங்கள். வேலை உடுப்போடு வந்து, பேசாமல் உண்டு, எழுந்து போகிறவர்கள் இருந்தால் நாமும் உட்காரலாம். நாசி கண்டார் கடையில் 'பஞ்சிர்' என்று கேட்டால் பல குழம்புகளையும் சோறு மூழ்க ஊற்றுவார்கள். மலாயில் அந்தச் சொல்லுக்கு வெள்ளம் என்று பொருள். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் மட்டும், எந்தெந்தக் குழம்பு சேர்கிறது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பல கடைகளில் தமிழிலேயே கேட்கலாம்.