தோட்டத்து இதழ்களும் தொழிற்சொற்களும்

சிரம்பானை அடுத்த அம்பாங்கான் வட்டாரத்துப் பால்மரத் தோட்டங்களை நினைக்கையில் இரண்டு இதழ்கள் நம் நினைவுக்கு வருகின்றன. 1920இல் தோன்றிய ‘தி பிளான்டர்’ துரைமார்க்கு உரியது, ஆங்கிலம் அல்லவா! 1954இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் ‘சங்கமணி’யோ லயத்து மக்களுடையது. எழுத்தறிந்த ஒருவர் உரக்க வாசிக்க, ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்ட மாலைகளை நாம் அறிவோம்.

பெரட்டு, தண்டல், கிராணி, நிரை, மங்கு, ஒட்டுப்பால் என்பன தோட்டத்தமிழின் தொழிற்சொற்கள். பெரட்டு ஆங்கிலப் ‘பரேட்’. ரப்பரைக் குறிக்கும் ‘கித்தா’ மலாய் மொழியின் கொடை. பால்மரம் வீழ்ந்து செம்பனை எழுந்தபின், மங்கைக் கண்டிராத தலைமுறைக்கு அச்சொல்லும் அயலாயிற்று. இவை வழங்கிய காலத்திற்கு அச்சுச்சான்றை அத்தகைய இதழ்களில்தான் தேடவேண்டும். மாணவர்கள் தம் பாட்டிமாரின் தகரப்பெட்டிகளைத் திறந்து பார்ப்பார்களாக. பழுப்பேறிய ஒரு தாள் கிடைப்பினும் நாளும் இடமும் குறித்து ஆசிரியரிடம் சேர்ப்பிக்க.