சுமார்னா எத்தனை?

எங்க கிளையண்ட் ஒருத்தர் லண்டன்காரர். மீட்டிங் எத்தனை மணிக்குன்னு கேட்டா "டென்-இஷ்" என்பார். ஃபைல் எப்போ வரும்னா "கப்புள் ஆஃப் டேஸ்". யாரும் முகம் சுளிச்சதில்லை. என் டீம்ல இருக்கிற இடப்பள்ளிப் பையன், தன் மலையாள "ஏகதேசம் ரெண்டு திவசம்"ங்கிறதை அப்படியே இங்கிலீஷ்ல சொல்லிவெச்சான். வருஷக் கடைசியில அவன் மதிப்பீட்டுல "வாக்குல தெளிவில்லை"ன்னு ஒரு வரி. இன்கிரிமென்ட் பாதியாச்சு.

வெள்ளைக்காரன் குத்துமதிப்பா பேசினா ஸ்டைல், நாம பேசினா பொறுப்பில்லாத்தனமா?

அந்த 'இஷ்' இருக்கே, அது இங்கிலிஷ்ங்கிற பேரோட வாலிலேயே தொங்குற அதே இஷ்தான். முதல்ல இன்ன இனத்தவன், இன்ன நாட்டவன்னு சொல்ற விகுதி. அப்புறம் நிறத்துல ஒட்டிக்கிட்டது (லேசான சிவப்பு 'ரெட்டிஷ்'). கடிகார மணியோட சேர்ந்தது 1910-கள்ல. 1980-கள்ல தனியாவே நடக்க ஆரம்பிச்சு, "பசிக்குதா?"ன்னா "இஷ்"னு பதில் சொல்ற அளவுக்கு வந்துட்டது :-) 'கப்புள்' லத்தீன்ல ரெண்டைச் சேர்க்கிற கட்டு. இன்னிக்கு அது மூணு நாளும் ஆகும், நாலும் ஆகும். 'அம்ப்டீன்' முதல் உலகப்போர்ச் சிப்பாய்கள் பரப்பினது.

நம்ம பக்கம் கதை இன்னும் சுவாரசியம். வசூல், பாக்கி மாதிரி 'சுமார்' பாரசீகம் வழியா வந்த சொல். அங்கே 'ஷுமார்'னா எண்ணிக்கை! உருதுல மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பேரே மர்தும் ஷுமாரி. தலை தலையா எண்ணுற சொல்லை வாங்கி, எண்ணாம விடறதுக்கு வெச்சுக்கிட்டோம். அதோட விட்டோமா, "படம் சுமார்"னு அதைத் தரம் இறக்கியும் ஆச்சு.

'ஏகதேசம்' சமஸ்கிருதம், ஒரு பகுதி என்று அர்த்தம். பள்ளிக்கூடத்துல ஏகதேச உருவகம் படிச்சோமே, ஒண்ணை உருவகம் பண்ணி அதோட தொடர்புடைய இன்னொண்ணைச் சும்மா விட்டுடறது, அதே ஏகதேசம். நாம அணியிலக்கணத்துல பூட்டிவெச்சதை இடப்பள்ளி ஆட்டோக்காரர் தினமும் ஓட்டுறார்: "ஏகதேசம் பத்து மினிட்டு". அவர் பொய் சொல்லலை. டோல் ஜங்ஷன் டிராஃபிக்ல அதுக்கு மேல துல்லியமா சொன்னாத்தான் பொய்.

ஆனா எனக்குப் பிடிச்சது இரவல் சொல் எதுவும் இல்லை, நம்ம 'ஒரு'தான். தமிழ்லயும் மலையாளத்துலயும் ஒண்ணுபோல வேலை செய்யுது. எண்கள்லயே சந்தேகமில்லாத எண் ஒண்ணு. அதைக் கொண்டுபோய் இன்னொரு எண்ணுக்கு முன்னால வெச்சதும் அந்த எண் கலங்கிடுது. பந்திக்குப் பத்து பேர்னா பத்து இலை. "ஒரு பத்து பேர்"னா, திருநெல்வேலியானாலும் இடப்பள்ளியானாலும், பதிமூணு இலை நறுக்கி வைப்பாங்க.