நல்லி எலும்பு பிரியரா நீங்க? உங்க எலும்புக்குள்ள நடக்குற கதையைக் கொஞ்சம் கேளுங்க!

பிரியாணித் தட்டில் நல்லி எலும்பு விழுந்தால், தட்டி உறிஞ்சி கடைசிச் சொட்டு வரை விடாத ஆளா நீங்க? அந்த வழுவழு சமாசாரம்தான் எலும்பு மஜ்ஜை. 'நல்லி சாப்பிட்டா எலும்பு பலமாகும்'னு வீட்ல சொல்லியிருப்பாங்க. ஆனா, தட்டில் இருக்கும் மஜ்ஜை பெரும்பாலும் கொழுப்புதான். வயிற்றில் செரித்துவிடும், நேராகப் போய் உங்கள் எலும்பில் ஒட்டிக்கொள்ளாது. அதேநேரம், உங்கள் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைக்கும் எலும்பின் பலத்துக்கும் நிஜமாகவே நெருங்கிய தொடர்பு இருக்கிறது.

எலும்பு என்றால் கான்கிரீட் தூண் மாதிரி, ஒருமுறை வளர்ந்தால் அப்படியே நிற்கும் என நினைக்கிறோம். உள்ளே தினமும் இடித்துக் கட்டும் வேலை நடக்கிறது. பழைய எலும்பைக் கரைப்பது 'ஆஸ்டியோகிளாஸ்ட்' செல்கள். புதுசாகக் கட்டுவது 'ஆஸ்டியோபிளாஸ்ட்' செல்கள். பெரியவர்களுக்கு ஒரு வருஷத்தில் சுமார் 10 சதவிகித எலும்பு இப்படிப் புதுசாகிறது.

இடிக்கிறவர், கட்டுகிறவர் ரெண்டு பேருக்கும் தாய் வீடு மஜ்ஜைதான். இடிக்கும் செல், ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்லின் வழியில் வருகிறது. கட்டும் செல், மஜ்ஜையில் இருக்கும் 'மீசன்கைமல்' ஸ்டெம் செல்லில் இருந்து வருகிறது. 1960-களில் சோவியத் விஞ்ஞானி அலெக்ஸாண்டர் ஃப்ரீடன்ஸ்டைன், விலங்குகளின் மஜ்ஜையை எடுத்து உடம்பில் எலும்பே இல்லாத இடத்தில் வைத்துப் பார்த்தார். அங்கே எலும்பு முளைத்தது. எலும்பைக் கட்டுவதற்கான ஆள் மஜ்ஜைக்குள்தான் இருக்கிறார் என்பது அப்படித்தான் உறுதியானது.

அக்கம்பக்கத்து சகவாசம்

கட்டும் செல் தனியாக வேலை செய்வதில்லை. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அதன் வேகம். டெங்கு வந்தால் 'பிளேட்லெட் எவ்ளோ இருக்கு'ன்னு பதறுவோமே, அந்தத் தட்டணுக்களை உற்பத்தி செய்யும் பிரமாண்டமான செல்லின் பெயர் மெகாகேரியோசைட். மஜ்ஜையில்தான் இருக்கும். 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்தச் செல்கள் அளவுக்கு அதிகமாக இருந்த எலிகளுக்கு எலும்பும் அதிகமாக இருந்தது. ஆய்வகத்தில் இரண்டையும் சேர்த்து வளர்த்தபோது, ஆஸ்டியோபிளாஸ்ட்கள் பல மடங்கு பெருகின. அதிலும், இரண்டும் ஒன்றையொன்று நேரடியாகத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பலன் இல்லை. ரத்தம் உறைவதற்கு உதவும் ஒரு செல், எலும்பு கட்டுகிற மேஸ்திரியைத் தட்டிக்கொடுக்கிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சர்யம்தான்.

இடிக்கும் செல்கூட வில்லன் இல்லை. அது எலும்பைக் கரைக்கும்போது, உள்ளே பதுங்கியிருந்த 'டிஜிஎஃப்-பீட்டா' என்ற புரதம் வெளியே வரும். 'இங்கே பள்ளம் விழுந்திருக்கு, வாங்க' என்று ஸ்டெம் செல்களைக் கூப்பிடுவது அதுதான்.

கெட்ட சகவாசமும் உண்டு. 'மல்டிபிள் மைலோமா' என்ற மஜ்ஜைப் புற்றுநோயில், புற்றுசெல்கள் 'டிகேகே1' என்ற புரதத்தைச் சுரந்து கட்டும் செல்களை முடக்கிப்போடுகின்றன. இடிப்பு மட்டும் நிற்காமல் நடக்கிறது. அதனால்தான் அந்த நோயாளிகள் பலருக்கு எலும்பு வலியும் முறிவும் வருகின்றன.

எலும்பா, கொழுப்பா?

உங்களுக்கு முக்கியமான இடம் இதுதான். அந்த மீசன்கைமல் ஸ்டெம் செல்லுக்கு முன்னால் சில பாதைகள் இருக்கின்றன. எலும்பு கட்டும் செல்லாகவும் மாறலாம், கொழுப்பு செல்லாகவும் மாறலாம். வயசாக ஆக, கொழுப்புப் பக்கம் சாய்வது அதிகமாகும். ஸ்டீராய்டு மாத்திரைகளை நீண்டநாள் எடுத்தாலும் அதே கதை.

'சரி, ஒல்லியா இருந்தா தப்பிச்சிடலாமா?' என்றால், அங்கேதான் ட்விஸ்ட். சாப்பாட்டை ரொம்பக் குறைத்து உடல் வற்றிப்போகும் 'அனோரெக்சியா நெர்வோசா' பாதிப்பு உள்ளவர்களுக்கு, உடம்பெல்லாம் கொழுப்பு கரைந்தாலும் மஜ்ஜைக்குள் மட்டும் கொழுப்பு கூடுகிறது. எலும்பின் அடர்த்தியோ குறைகிறது. கல்யாணத்துக்கு ஒரு மாசம் இருக்கும்போது பட்டினி டயட் ஆரம்பிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். எலும்பின் அதிகபட்ச அடர்த்தி 30 வயதை ஒட்டி முடிந்துவிடும். அதற்குள் சேர்த்ததுதான் கையிருப்பு.

எலும்பின் மேல் பாரம் விழுந்தால் ஸ்டெம் செல்கள் கட்டும் பக்கம் சாய்கின்றன என எலிகளில் பார்த்திருக்கிறார்கள். நடை, ஓட்டம், ஸ்கிப்பிங், படி ஏறுவது, வெயிட் தூக்குவது எல்லாமே பாரம்தான். நீச்சல் இதயத்துக்கு அருமை. எலும்புக்கு அவ்வளவாக இல்லை. கால்சியம் ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 300-க்கு மேல் கிடைக்கும். முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, எள்ளு, பால், தயிர் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

ஆஸ்துமா, மூட்டுவாதம் போன்றவற்றுக்கு மூணு மாசத்துக்கு மேல் ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிறீங்களா? நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் 'டெக்ஸா' ஸ்கேன் தேவையா என்று அடுத்தமுறை போகும்போது டாக்டரிடம் கேளுங்க.