நிலாவை மிரட்டுகிறவர்கள்

காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஷூ கிடக்கும். இன்னொன்றைக் காணோம். தேடி எடுத்தாலும் மகன் போட விடமாட்டான். அவனுக்கு இரண்டு வயது மூன்று மாதம். "ஏணாம்" என்பான். "வேண்டாம்" என்ற சொல்லில் அவன் வாய்க்கு வசப்பட்டது அவ்வளவுதான். பால் ஏணாம், குளியல் ஏணாம், சட்டை ஏணாம். சரி வேண்டாம் என்று பால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனால் அதுவும் ஏணாம்.

போன ஜூலையில் ஒரு நாள். வெலிங்டனில் தெற்குக் காற்று கதவைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. எட்டரைக்கு ஒரு வாடிக்கையாளரோடு அழைப்பு. மனைவி முன்பே வேலைக்குக் கிளம்பியிருந்தாள். மூன்றாவது முறையாக அவன் உதறிய ஷூ என் முகத்தில் பட்டது. என் கை உயர்ந்தது, அவன் காலில் விழுந்தது. பலமான அடி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் அழவில்லை. என் கையைப் பார்த்தான். அதுவரை அந்தக் கை எதற்கெல்லாம் பயன்பட்டதோ, அந்தப் பட்டியலில் புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறவன்போலப் பார்த்தான்.

நியூசிலாந்தில் இது சின்ன விஷயம் அல்ல. பிள்ளையைத் திருத்துவதற்காகப் பெற்றோர் நியாயமான அளவுக்குப் பலத்தைப் பயன்படுத்தலாம் என்று இங்குள்ள குற்றவியல் சட்டத்தின் 59ஆம் பிரிவு ஒரு காலத்தில் இடம் கொடுத்தது. சூ பிராட்ஃபோர்டு என்ற உறுப்பினர் கொண்டுவந்த மசோதா 2007இல் நிறைவேறி அந்த இடத்தை மூடியது. சாலையில் ஓடும் பிள்ளையை இழுத்துப் பிடிக்கலாம். திருத்துவதற்காக அடிப்பதற்குச் சட்டத்தின் ஆதரவு கிடையாது. 2009இல் இது பற்றி ஒரு கருத்து வாக்கெடுப்பு நடந்தது. நல்ல கண்டிப்பின் பகுதியாக ஒரு தட்டு தட்டுவது குற்றமாக இருக்க வேண்டுமா என்று கேட்டார்கள். வாக்களித்தவர்களில் 87 சதவீதத்துக்கும் மேலானோர் வேண்டாம் என்றார்கள். அரசு சட்டத்தை மாற்றவில்லை. ஒரு நாடே ஏணாம் என்று தரையில் புரண்டும் பலிக்கவில்லை என்பது எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

ஆனால் சட்டம், எட்டேகால் மணிக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாது. அதைச் சொல்ல இந்த ஊரில் ஒருவர் இருந்தார். எங்கள் வீட்டிலிருந்து மெல்ரோஸ் குன்றுக்கு நடந்தே போகலாம். அங்கே ரோடோடென்ட்ரான் செடிகள் நிறைந்த பழைய தோட்டமும் வீடும் உண்டு. ட்ரூபி கிங் பூங்கா. தள்ளுவண்டியில் மகனைத் தூங்கவைக்க நான் ஏறும் மேடு அது. அங்கேயே கிங்கும் அவர் மனைவி இசபெல்லாவும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். குழந்தையைத் தூக்கக் கூடாது, அழட்டும் என்று ஒரு தலைமுறைக்கே சொன்னவரின் சமாதிக்கு முன்னால், தூங்க மறுக்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பலமுறை நின்றிருக்கிறேன்.

கிங் ஒரு மருத்துவர். டனிடின் நகருக்கு வடக்கே சீக்ளிஃப் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 1889இல் பொறுப்பேற்றார். நான் முதுகலை படித்தது டனிடினில். கடற்கரைச் சாலையில் போகும்போது அந்தப் பெயர்ப்பலகையைப் பல தடவை கடந்திருக்கிறேன், யார் என்று தெரியாமலேயே. மருத்துவமனைக்குச் சொந்தமாகப் பண்ணை இருந்தது. அதில் கன்றுகள் கழிச்சலில் செத்துக்கொண்டிருந்தன. பாலின் அளவையும் சேர்மானத்தையும் சீர்படுத்தி அவற்றைப் பிழைக்க வைத்தார் கிங். கன்றுக்குச் சரியாக வந்தது குழந்தைக்கும் வரும் என்று நினைத்தார். 1907இல் டனிடினில் ஒரு சங்கம் தொடங்கியது. ஆளுநரின் மனைவி, எட்டுப் பிள்ளைகளைப் பெற்ற பிளங்கட் சீமாட்டியின் பெயர் அதற்கு வந்தது. இன்றும் இந்நாட்டில் பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் பிளங்கட் செவிலி வருகிறார், எடை பார்க்கிறார். எங்கள் வீட்டுக்கும் வந்தார்.

கிங்கின் முறை கடிகாரத்தின் முறை. நான்கு மணிக்கு ஒரு தடவை பால். இரவில் கிடையாது. நேரம் ஆகாமல் அழுதால் அழட்டும். நல்ல காற்று, நிறையத் தூக்கம், மலம் கழிக்கக்கூட நேரம். கொஞ்சுவது அளவோடு. இசபெல்லா 'ஹைஜியா' என்ற புனைபெயரில் எழுதிய செய்தித்தாள் பத்தி வாராவாரம் இதையெல்லாம் வீடுகளுக்குக் கொண்டுபோனது. இந்நாட்டின் சிசு மரண விகிதம் உலகிலேயே குறைவான விகிதங்களில் ஒன்றாக இறங்கியபோது புகழ் கிங்குக்குப் போனது. அந்த எண்ணிக்கையில் மாவோரிக் குழந்தைகள் சேரவில்லை. சங்கம் தோன்றும் முன்பே விகிதம் குறையத் தொடங்கியிருந்தது என்றும் வரலாற்றாளர்கள் பின்னால் சொன்னார்கள். பிளங்கட் சங்கத்தின் வரலாற்றை விரிவாக எழுதிய லிண்டா பிரைடர், தாய்மாரும் செவிலியரும் கிங் சொன்னதை அப்படியே கடைப்பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்பதைக் காட்டுகிறார். செவிலியோடு நட்பாகப் பேசி, தலையாட்டிவிட்டு, அவர் போனதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்ட தாய்மார்கள். இதை வாசித்தபோது எனக்கு அவர்கள் ஸ்ரீவைகுண்டத்துக்காரிகள்போலவே தோன்றினார்கள்.

அமெரிக்காவில் இதே கடிகாரத்தை உளவியலாளர் ஜான் வாட்சன் இன்னும் இறுக்கினார். 1928இல் அவர் வெளியிட்ட புத்தகம், பிள்ளையை மடியில் வைக்காதே, முத்தம் தராதே, தந்தே ஆக வேண்டுமானால் இரவு நெற்றியில் ஒன்று, காலையில் கை குலுக்கு என்ற ரீதியில் போகும். சில வருடங்களில் அவர் மனைவி ரோசலி ரேய்னர் ஒரு பத்திரிகையில், இப்படிப்பட்டவரின் பிள்ளைகளுக்குத் தாயாக இருப்பது பற்றி எழுதினார். கணவரின் அறிவியலை முழுக்கத் தள்ளிவிடாமல், தன்னால் அதை முழுக்கப் பின்பற்றவும் முடியவில்லை என்று சொல்லும் கட்டுரை. 1946இல் பெஞ்சமின் ஸ்பாக் வந்து, உங்கள் மனம் சொல்வதை நம்புங்கள் என்று பெற்றோரிடம் சொன்னபோது லட்சக்கணக்கானவர்கள் அந்தப் புத்தகத்தை வாங்கினார்கள். தன்னையே நம்புவதற்கும் ஒரு புத்தகம் தேவைப்பட்டிருக்கிறது. இரண்டு வயதுக்கு 'பயங்கரமான' என்ற அடைமொழி ஆங்கிலத்தில் பரவியதும் ஏறத்தாழ அந்தக் காலத்துக்குப் பிறகுதான்.

தமிழில் அந்த வயதுக்குத் தனிப் பெயர் இல்லை. அடம், சேட்டை, குறும்பு என்று அவன் செய்வதற்குப் பெயர் இருக்கிறது. வயதுக்கு இல்லை. ஆனால் மாதக் கணக்கு நம்மிடமும் உண்டு. பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவம். பாட்டியல் நூல்களில் ஒரு கணக்குப்படி மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தில் செங்கீரை என்று ஒற்றைப்படையில் போய் 21ஆம் மாதத்தில் முடிகிறது. நூலுக்கு நூல் மாறும். பிளங்கட் செவிலி தந்த புத்தகத்தின் அட்டவணையையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தொழில் புத்தி. அங்கே 'செய்கிறதா, இல்லையா' என்று கட்டம் போட்டிருக்கிறது. இங்கே சப்பாணி கொட்டு, முத்தம் தா, வா என்று பிள்ளையைக் கெஞ்சுகிறார்கள். ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் வந்தால் சிறுமிகளே கெஞ்சுகிறார்கள், எங்கள் மணல் வீட்டை மிதிக்காதே என்று. என் மகன் பூங்காவின் மணல்தொட்டியில் சனிக்கிழமைதோறும் நடத்துவது இந்தப் பருவத்தைத்தான்.

முழுப் பிள்ளைத்தமிழாகக் கிடைக்கும் முதல் நூல் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன்மேல் 12ஆம் நூற்றாண்டில் பாடியது. அதற்கு முன்னூறு ஆண்டுகளாவது முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் யசோதையாக மாறிப் பாடிவிட்டார். பக்தி இலக்கியமாகவே கேட்டு வளர்ந்ததை, இரண்டு வயதுப் பிள்ளையோடு திரும்ப வாசித்தேன். என்ன ஒரு தினசரி! காது குத்த அழைக்க ஒரு பதிகம். குளிக்க அழைக்க ஒன்று. தலைவார ஒன்று, அதற்குக் காக்கையைத் துணைக்குக் கூப்பிடுகிறாள். பூச்சூட்ட ஒன்று. அக்கம்பக்கத்தார் வந்து புகார் சொல்ல ஒன்று. குளிக்க வந்தால் தின்பதற்கு அப்பம் சுட்டு வைத்திருக்கிறேன் என்கிறாள். இப்படி அழுக்காக நின்றால் நப்பின்னை சிரிப்பாள் என்கிறாள். கண்ணன் பால் வேண்டேன் என்று ஓடுகிறான், காதில் போட்டதைப் பிடுங்கி எறிகிறான். தலை நிற்காத வயதிலேயே காதைப் பெருக்காமல் விட்டது என் குற்றம்தானே என்று தாய் தன்னையே நொந்துகொள்கிறாள். பகல்நேரக் காப்பகத்தின் வாசலில் நாங்கள் பேசிக்கொள்வதும் இதையேதான், அப்போதே பழக்கியிருக்க வேண்டும் என்று.

இதையெல்லாம் எழுதியவர்கள் ஆண்கள் என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. புறநானூற்றில், குறுகுறுவென நடந்து வந்து நெய்ச்சோற்றைத் துழாவி உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளையைப் பாடியவன் பாண்டியன் அறிவுடை நம்பி. சோற்றைத் துடைத்தது அரசன் அல்ல என்று என் மனைவி சொல்கிறாள். சரிதான். கிங்குக்கும் பெரியாழ்வாருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. கிங் தம்பதி ஒரு பெண்குழந்தையைத் தத்தெடுத்து மேரி என்று பெயரிட்டார்கள். அவர் பின்னாளில் தந்தையின் முறையைப் பரப்பப் புத்தகம் எழுதினார். பெரியாழ்வார் துளசிச் செடியடியில் கண்டெடுத்து வளர்த்தவள் ஆண்டாள் என்பது மரபு. யார் எப்படி வளர்த்தார்கள் என்பதற்கு அந்த இரண்டு மகள்களின் எழுத்தைச் சான்றாக எடுக்கலாமா என்று யோசித்து, அது அநியாயம் என்று விட்டுவிட்டேன்.

நம் மரபு மென்மையானது என்று நிறுவ நான் வரவில்லை. அதே பெரியாழ்வாரில், ஒரு தடா நெய்யைக் காலி செய்த பிள்ளையைப் பிடித்து இழுத்து, மத்தின் பழங்கயிற்றை ஓங்குகிற யசோதையும் இருக்கிறாள். நெய் போன எரிச்சல் என்று காரணமும் சொல்கிறார். பிள்ளை பயந்து தவழ்ந்து போகிறது. அந்த இடத்தை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்தேன். நெய்க்குப் பதில் எனக்கு எட்டரை மணி அழைப்பு.

அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆறு மாதம் இங்கே இருந்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். இப்போது வாட்ஸாப்பில் பார்க்கிறாள்.

"ஏல, பிள்ளைய கை நீட்டுனியால?"

"நீ என்னை விசிறிக் காம்பால அடிச்சதில்லையாம்மா?"

"அது அடியால? சும்மா பயங்காட்டுனது." கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவனுக்கு இன்னும் பேச்சு வரல. அதான் எல்லாத்துக்கும் கத்துதான். நம்ம ஊரு குமரகுருபரரே அஞ்சு வயசு வரைக்கும் பேசலையாம்."

அவர் ஐந்து வயதில் திருச்செந்தூரில் வாய் திறந்தார் என்பது எங்கள் ஊரில் எல்லாரும் சொல்லும் கதை. பேசாமல் இருந்தவர் என்று சொல்லப்படும் அந்தப் பிள்ளைதான் 17ஆம் நூற்றாண்டில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைப் பாடினார். அம்மா ஆறுதலாகச் சொன்னாள். எனக்கு ஒரு வாசல் திறந்தது, அம்புலிப் பருவத்துக்கு.

பிள்ளைத்தமிழில் பாடக் கடினமானது அம்புலி என்பார்கள், புலவர்களுக்கு அது புலி. நிலாவைப் பிள்ளையோடு விளையாட அழைக்க வேண்டும், அதுவும் சாமம், பேதம், தானம், தண்டம் என்ற நான்கு உபாயத்தாலும். நீயும் இவனும் ஒன்று என்று இசைவாகப் பேசுவது, நீ எங்கே இவன் எங்கே என்று வேற்றுமை காட்டுவது, வந்தால் கிடைப்பதைச் சொல்வது, வராவிட்டால் வரும் தண்டனையைச் சொல்வது. அரசர்கள் எதிரியிடம் காட்டும் வரிசை. இரண்டு வயதுப் பிள்ளையின் வீட்டில் காலையில் நடப்பதும் இதே வரிசைதான், நாங்கள் பேதத்திலிருந்து தானத்துக்கு, அதாவது பிஸ்கட்டுக்கு, சற்று விரைவாகப் போய்விடுகிறோம்.

நான் இதுவரை கவனிக்காதது ஒன்று. தண்டம் நிலாவுக்கு. பெரியாழ்வார் மிரட்டும்போது நிலாவைத்தான் மிரட்டுகிறார். இவனைச் சிறியவன் என்று நினைக்காதே, மாவலியைப் போய்க் கேள், சக்கரத்தை எடுத்து எறிந்துவிடுவான் என்கிறார். பிள்ளை இடுப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறது. கோபம் முழுவதும் அதன் தலைக்கு மேலே, ஆகாயத்துக்குப் போகிறது. விழுந்த பிள்ளைக்காகத் தரையை அடித்த நம் பாட்டிகளும் இதையே செய்தார்கள். தரைக்குப் பழி போடப் பழக்குகிறீர்கள் என்று இங்கே சிலர் சொல்வார்கள், அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். ஆனால் அந்தப் பாட்டிக்கும் எரிச்சல் இருந்திருக்கும், அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்திருக்கும். ஓங்கிய கையை எங்காவது இறக்கியாக வேண்டும்.

இங்கே நிலா கிட்டத்தட்டக் கவிழ்ந்து தெரியும். வடை சுடும் பாட்டியை மகனுக்குக் காட்ட நான் தலையைச் சாய்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. காலையில் அவளும் இருக்கமாட்டாள். போன வாரம் ஷூ மறுபடி பறந்தது. அதை எடுத்து வாசற்படியில் வைத்து, உனக்கு எத்தனை கொழுப்பு, என் பிள்ளை காலில் ஏறமாட்டாயா, மாவலியைப் போய்க் கேள் என்று திட்டி, ரெண்டு போட்டேன். மகன் வாயைத் திறந்து பார்த்தான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அடி ஏணாம்."

ஷூவை எடுத்து மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தான். இரண்டு சொல் சேர்த்து அவன் பேசியது அதுதான் முதல் தடவை. காலில் போடவில்லை. காலுறையோடு காரில் ஏற்றி, ஷூவை அவன் கையிலேயே விட்டு, எட்டு நாற்பதுக்கு அழைப்பில் சேர்ந்தேன்.