பஸ் போன பாதையில் ரயில்: ஒட்டாவாவின் கதை

கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் பிளேயர், ஹேர்ட்மன் எண்டு நிலையங்கள் இருக்கு. இண்டைக்கு அங்கே இறங்கினால் தண்டவாளமும் மேலே மின்கம்பியும் தெரியும். 2010களின் நடுப்பகுதி வரை அதே பாதையால் ஓடினது பஸ். வேறு நகரங்கள் பார்த்துப் படித்த ஒரு பஸ் பாதையை அந்த நகரமே பிரட்டிப்போட்டு ரயில் போட்டது ஏன்? இதைத் தேடப்போய்த்தான் நாங்கள் இந்தக் கதைக்குள் விழுந்தோம்.

எட்மன்டன் 1978 இலும் கல்கரி 1981 இலும் இலகு ரயிலைத் திறந்தன. ஒட்டாவா வேறு வழியில் போனது. பஸ்ஸுக்கு மட்டுமான தனிப்பாதை, ரயில் நிலையம் மாதிரியே தரிப்பிடங்கள். பெயர் ட்ரான்ஸிட்வே. முதல் துண்டுகள் 1983 இல் திறந்தன. காரணம் காசுதான். ரயிலை விடச் செலவு குறைவு, முடிஞ்ச துண்டை உடனே பாவிக்கலாம். நிலம் லேசாகக் கிடைத்த புறநகரில் முதலில் கட்டினார்கள். நடு நகருக்குச் சுரங்கம் வேணும், அதைப் பிறகு பாப்பம் எண்டு விட்டார்கள். ஒருநாள் ரயில் போடலாம் எண்டு வளைவையும் சரிவையும் அதற்கேற்ற மாதிரியே அமைத்தார்கள்.

திட்டம் வென்றது. அதுவே பிரச்சினையாகவும் போனது. புறநகரில் பறந்து வந்த பஸ்கள் எல்லாம் நடு நகரில் அல்பேர்ட், ஸ்லேட்டர் எண்ட இரண்டு சாதாரண வீதிகளுக்குள் வந்து நெரிந்தன. மணித்தியாலத்துக்கு ஒரு திசையில் பத்தாயிரம் பேர் அளவில் ஏற்றிய பிறகு இன்னொரு பஸ் விட இடமில்லை. தள்ளிப்போட்ட சுரங்கம் திரும்பி வந்து கணக்குக் கேட்டது.

2006 இல் ஒரு ரயில் திட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள். தேர்தல் வந்தது, புதிய மாநகர சபை அதே வருடம் அதை ரத்துச் செய்தது. வழக்கு வந்து, 3 கோடி 60 இலட்சம் டொலருக்கு மேல் நட்டஈடு போனது. மாலபே-கோட்டை இலகு ரயில் 2020 இல் கைவிடப்பட்டதைப் பார்த்த எங்களுக்கு இது அந்நியக் கதையில்லை.

2012 இல் இன்னொரு திட்டம் நிறைவேறியது. 12.5 கிலோமீற்றர், 13 நிலையங்கள், நடு நகரின் கீழே 2.5 கிலோமீற்றர் சுரங்கம். 2015 முதல் பஸ் பாதையைத் துண்டு துண்டாக மூடினார்கள். சனம் வருசக்கணக்காக மாற்று வழியால் சுத்திப் போனது. ஒரு வருடத்துக்கு மேல் பிந்தி, 2019 செப்டெம்பர் 14 இல் ரயில் ஓடியது.

முந்தி வீட்டுக்குப் பக்கத்தில் ஏறின பஸ்ஸிலேயே வேலைத்தலம் வரை போன கனபேர் இப்ப பிளேயரிலோ ஹேர்ட்மனிலோ இறங்கி ரயில் ஏறவேணும். பஸ் ஒண்டு பழுதானால் அடுத்தது அதை விலத்திப் போகும். ரயிலின் கதவு ஒண்டு இறுகினால் பின்னால் வாறது எல்லாம் நிக்கும். முதல் மாதங்களில் அதுதான் நடந்தது. 2021 இல் ஆகஸ்ட்டிலும் செப்டெம்பரிலும் ரயில் தடம்புரண்டது. இரண்டாவது முறை சேவை ஏழு கிழமைக்கு மேல் நின்றது. 2022 இல் வந்த பொது விசாரணை அறிக்கை, திறப்புக்கு முந்திய பரீட்சார்த்த ஓட்டத்தின் தரத்தை இடையில் தளர்த்தியதையும், சபை உறுப்பினர்களுக்கு அதைச் சொல்லாமல் விட்டதையும் வெளியே கொண்டுவந்தது.

அப்ப ரயில் பிழையா? நாங்கள் அப்படி நினைக்கேல்ல. அந்த இரண்டு வீதிகளும் இனித் தாங்காது எண்டது உண்மை. 1983 இல் திறந்த லிங்கன் ஃபீல்ட்ஸ் உட்பட மேற்குப் புறநகர் நிலையங்களும் அடுத்த கட்டத்தில் ரயிலுக்கெண்டே எடுக்கப்பட்டன. பிழை, கடினமான பகுதியை முப்பது வருசம் ஒத்திவைத்ததிலும், பிறகு அவசரப்பட்டு அதை மறைத்ததிலும் இருக்கு.

பஸ்ஸா ரயிலா எண்டு சண்டை பிடிக்கிறது சுகம். ஆனால் அதிகாலையில் தரிப்பிடத்தில் நிக்கிற ஆளுக்கு அது இரண்டாவது கேள்வி. அவர் நேரத்துக்குப் போவாரா, போகமுடியாட்டி அதை ஆர் அவருக்கு முதலில் சொல்லுவார்? ஒட்டாவாவில் பிந்தி வந்தது ரயில் மட்டுமில்லை, உண்மையும்தான்.